பழைய வீடியோ கேசட்டில் ஒரு பாட்டுக்காரரைத் திரும்பக் கேட்பது எப்படி

எங்கள் சித்தப்பாவுக்குக் குடியாத்தத்தில் ஒரு பேர் உண்டு: 'தாளம் தப்புகிறவர்'. பகலில் குழித்தறியில் லுங்கி நெய்வார், ராத்திரியில் தானே பாட்டுக் கட்டி ஆர்மோனியத்தோடு பாடுவார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மேடையில், சினிமாப் பாட்டுக்கு நடுவே அவருக்கு ஒரு பாட்டு கிடைத்தாலே பெரிய விஷயம். போன வருஷம் பரணில் '1993 வைகாசி' என்று எழுதிய வி.எச்.எஸ். கேசட் ஒன்று அகப்பட்டது. பழைய கல்யாண கேசட்டுகளை பென் டிரைவில் ஏற்றித் தருவதுதான் என் பிழைப்பு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

கிடைத்த ஆசையில் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் மூடியைத் தூக்கி, டேப்பை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டேப்பும் போச்சு, டெக்கில் அதைப் படிக்கிற ஹெட்டும் போச்சு. சுத்தமாக இருந்தால் கடைசிவரை ஒரு தடவை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, அப்புறம் ப்ளே.

நம் ஊர் கேசட்டெல்லாம் பால் (PAL) என்கிற டிவிப் பட முறை (குடிக்கிற பால் இல்லை). நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் இரண்டு பாதி. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்த 50 பாதியையும் தனித்தனிப் படமாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் டோலக் வாசிப்பவரின் விரல் வெறும் கலங்கலாகத்தான் தெரியும்.

சுருதி அலைகிறதா? பாடகரைத் திட்டும் முன் ஆர்மோனியத்தை மட்டும் கேளுங்கள். ஆர்மோனியக் கட்டையின் சுருதி நடுவில் மாறாது. அதுவும் சேர்ந்து ஆடினால் குற்றம் டேப்பில். அதே மாதிரி, கேமரா மைக் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். பக்கத்தில் வேட்டு வெடித்தால் சட்டென்று இறக்கி, மெதுவாகத்தான் ஏற்றும். குரல் உடைந்தது போலக் கேட்பது பாதி இடங்களில் இதனால்தான்.

தாளத்துக்கு நான் செய்தது இது. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து, தறியில் மிதிக்கிற அதே இடது காலால் தட்டுகிறார். சத்தத்தை அணைத்துவிட்டு, கால் தரையில் விழும் படங்களை எண்ணினேன். ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 34, 35, 34, 34. பிறகு டோலக்கின் அடிகளை எண்ணினேன்: 34, 33, 31, 30. தாளத்தில் வேகமெடுத்து ஓடியது யார் என்று தெரிந்துவிட்டது.

அவசரப்பட்டு டோலக்காரர்மேலும் பழி போடாதீர்கள், ஓரத்தையும் பாருங்கள். திரையின் வலது மூலையில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர், சீக்கிரம் முடிக்கச் சொல்லி விரலைச் சுழற்றிக்கொண்டே நிற்கிறார். அன்றைக்கு இருந்தவர்களைக் கேட்பதென்றால் இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு கேளுங்கள். முதலிலேயே கேட்டால் அவர்கள் சொல்வதுதான் உங்கள் கண்ணுக்கும் தெரியும்.

சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். தாளக் கணக்கை அவர் காதிலேயே வாங்கவில்லை. "அந்த ரெண்டாவது சரணம் நோட்டுல கிடையாதுடா, மேடையில வந்தது. எழுதி வெச்சிக்கோ" என்றார். எழுதினேன். வேட்டுச் சத்தத்தில் ஒரு வார்த்தை மட்டும் பிடிபடவில்லை, அவருக்கும் நினைவில்லை. ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். உதடு மூடித் திறக்கிறது. பகரமோ மகரமோ.