துணை நடிகராக முதல் நாள்: கூட்டத்தில் ஒருவராக நிற்பது எப்படி

சினிமா ஷூட்டிங்குக்குத் துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்டைப் பிடிப்பது எப்படி என்று இதில் சொல்லப் போவதில்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் தெரிந்தவர் மூலமாக ஒரு நம்பர் கிடைத்து, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, "நாளைக்குக் காலைல வந்துடுங்க" என்று பதிலும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெப்சியில் (திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) உள்ள துணை நடிகர் சங்கத்தின் கார்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் முதலிடம். கூட்டம் அதிகமாகத் தேவைப்படும் நாட்களில்தான் நம்மைப் போன்ற கார்டு இல்லாத ஆட்களுக்கு வாய்ப்பு வரும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ செலவு என்று முதலிலேயே உங்களிடம் பணம் கேட்பவர் ஏஜென்ட் இல்லை. படக் கம்பெனியிடம் வாங்கி, கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தருபவர்தான் ஏஜென்ட்.

முந்தின நாள் இரவு

சம்பளம் எவ்வளவு, அன்றைக்கே கையில் வருமா, என்ன சீன், இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். சீன் தெரிந்தால்தான் உடுப்பு எடுக்க முடியும். கல்யாண மண்டபம் என்றால் ஒன்று, பஸ் ஸ்டாண்ட் என்றால் வேறொன்று. "ரிச்சா வாங்க" என்றால் பணக்கார வீட்டுப் பார்ட்டியில் நிற்கப் போகிறீர்கள், ஷூவும் தேவைப்படும்.

மூன்று செட் எடுத்துப் போங்கள். வெள்ளை வேண்டாம், லைட் போட்டதும் கண்ணைப் பறிக்கும், கேமராமேன் உங்களைத்தான் முதலில் நகர்த்தச் சொல்வார். பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் அலை அலையாக நெளியும். லோகோ, எழுத்து, நடிகர் படம் போட்ட டீ-ஷர்ட் எதுவும் ஆகாது. என் ஓட்டு, பலமுறை துவைத்து நிறம் மங்கிய காட்டன் சட்டைக்கு. எந்தச் சீனிலும் பொருந்திப் போகும், வெயிலையும் தாங்கும்.

பையில் சேஃப்டி பின், துண்டு, தண்ணீர் பாட்டில், சின்ன பவர் பேங்க் இருந்தால் போதும். மடக்கு நாற்காலி எல்லாம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், துண்டை விரித்து நிழலில் உட்காருவதுதான் வசதி. ஸ்மார்ட் வாட்ச் வீட்டிலேயே இருக்கட்டும். ஷாட்டுக்கு நடுவில் அது ஒளிர்ந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

போய்ச் சேர்ந்ததும்

ஒன்பது மணி கால்ஷீட் என்றால் ஏழு மணிக்கே வரச் சொல்வார்கள். பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டி போன்ற தூரமான இடம் என்றால் வேன் உண்டா என்று கேளுங்கள். ஏஜென்டின் ஆள் நோட்டில் பேர் எழுதுவார், உங்கள் பேர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே டிபனுக்குப் போங்கள். இட்லி, பொங்கல் எல்லாம் அங்கேயே கிடைக்கும். அப்புறம் காத்திருப்பு. அதுதான் நாளின் பெரும்பகுதி. போனில் படம் எடுக்க வேண்டாம், ஸ்டில் வெளியே போனால் உங்களோடு சேர்த்து ஏஜென்டுக்கும் வேலை போய்விடும்.

பாஸிங்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். அசிஸ்டென்ட் டைரக்டர் வந்து, "அண்ணா, நீங்க இங்கேருந்து அந்தக் கம்பம் வரைக்கும் பாஸிங்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பாஸிங் என்றால் பின்னணியில் கடந்து போவது. நடக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதே சீனை முதலில் இடம் முழுவதும் தெரிய வைடாக எடுப்பார்கள், பிறகு ஹீரோவை மட்டும் கிட்டத்தில் க்ளோஸ், பிறகு எதிரில் இருப்பவர் பக்கம், ஒவ்வொன்றிலும் "ஒன் மோர்" வேறு. எடிட்டிங்கில் இதையெல்லாம் வெட்டி ஒட்டும்போது, வைடில் ஹீரோவின் இடது தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த நீங்கள் க்ளோஸிலும் அங்கேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் திடீரென்று மறைந்துவிடுவீர்கள், அல்லது ஒரே தெருவை இரண்டு தடவை கடப்பீர்கள்.

அதனால் "ஆக்‌ஷன்" என்றதும் கிளம்பாதீர்கள், யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் தவிர. ரிகர்சலில் எந்த வசனத்தின்போது கிளம்பினீர்களோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீரோ "நாளைக்குப் பேசிக்கலாம்" என்கிறாரா, அந்த "நாளைக்கு"தான் உங்கள் நேரம். வசனம் காதில் விழாத தூரம் என்றால், உங்களுக்கு முன்னால் போகிறவர் எந்த இடத்தைத் தாண்டும்போது கிளம்பினீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கால் முதலில், பை எந்தத் தோளில், டீ கிளாஸ் எந்தக் கையில், அது எவ்வளவு நிரம்பியிருந்தது, எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். டீயை நிஜமாகக் குடித்துவிட்டால் அடுத்த டேக்கில் கிளாஸ் காலி, அதனால் உதட்டோடு நிறுத்துங்கள். பார்வைக்கு ஒரு போர்டையோ ஜன்னலையோ குறித்துக்கொண்டால் லென்ஸ் பக்கம் கண் போகாது. "கட்" வந்ததும் கலைந்துவிடாமல், போகச் சொன்ன பிறகு பழைய இடத்துக்குப் போங்கள்.

சிங்க் சவுண்டா, அதாவது நடிக்கும்போதே ஒலியையும் பதிவு செய்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால் கொலுசு, வளையல், கிறீச்சிடும் செருப்பு எல்லாம் கழற்ற வேண்டும், கூட்டத்தில் பேசுவதுபோல் வாயை மட்டும் அசைக்க வேண்டும்.

முகம் தெரியட்டும் என்று முன்னால் முண்டியடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒரு சீனில் முகம் நன்றாகப் பதிந்துவிட்டால் அதே படத்தில் வேறு கூட்டத்தில் நிறுத்த யோசிப்பார்கள். பின்னால் மங்கலாக நிற்பவருக்குத்தான் நாளைக்கும் கூப்பிட்டு வேலை தருவார்கள்.

பேக்கப் (அன்றைய ஷூட்டிங் முடிந்தது) சொன்னதும் கம்பெனி கொடுத்த உடுப்பு, பொருள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலையில் பேர் எழுதிய அதே ஆளைப் போய்ப் பிடியுங்கள். பணம் பிறகுதான் என்றால் தேதியை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

பின்சேர்க்கை: உடை மாற்ற இடம் இருக்குமா என்று பெண்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். துணை நடிகர்களுக்கு கேரவன் கிடைக்காது, பல இடங்களில் துணி மறைப்புதான். தொளதொளப்பான நைட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அதை மேலே போட்டுக்கொண்டு உள்ளேயே மாற்றிவிடலாம், பழக்கப்பட்ட அக்காக்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நைட் ஷூட் என்றால் திரும்பக் கொண்டுவந்து விட வேன் உண்டு என்று உறுதியான பிறகே ஒத்துக்கொள்ளுங்கள்.