லேத் சக்கை மாற்றும் முன் டயலை வைத்துப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலைகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிற பட்டறைகளில் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சுற்றும் வேலை கொஞ்சம் ஆடினாலே, அதைப் பிடிக்கும் சக்கைக் காட்டி "சக் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். சாதாரண மூன்று ஜா (பிடிக்கும் தாடை) சக்கில் 0.05 மி.மீ. முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது சகஜம், அதிலும் டயல் (ஆட்டம் அளக்கும் முள் கருவி) காட்டுவது முழு ஆட்டம், மையம் விலகியிருப்பது அதில் பாதிதான். ஒரே பிடிப்பில் கடைந்து முடிக்கிற வேலைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பழைய ஷாஃப்டைத் திரும்பப் பிடித்துக் கடையும்போதுதான் வம்பு, அதற்கு நான்கு ஜா சக்கை மாட்டி டயல் வைத்து மையம் பார்ப்பதே மேல்.

அப்படியும் ஆட்டம் அதிகம் என்றால் மெயினை அடைத்துவிட்டு, பெட் (லேத்தின் அடித்தளம்) மீது பலகை போட்டுச் சக்கைக் கழற்றுங்கள். முதலில் சக்கைச் சுற்றும் அச்சான ஸ்பிண்டில்தான். அதன் டேப்பரிலும் (சரிவான பகுதியிலும்) முகத்திலும் டயலை வைத்துக் கையால் சுற்றினால் 0.01 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். அடியில் மரக்கட்டை கொடுத்து லேசாக நெம்பும்போது முள் தாராளமாக நகர்ந்தால் கோளாறு பேரிங்கில், சக்கைப் போட்டு உருட்டிப் பயனில்லை.

ஸ்பிண்டில் சரி என்றால் சுத்தம் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சக்குக்குப் பின்னால் துரு பிடிக்கும், அதில் இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும், அந்த மெல்லிய படலம் போதும் சக் சாய்ந்து உட்கார. பிசிறை எண்ணெய்க்கல்லால் மட்டும் தடவி எடுங்கள். டேப்பரில் எமரி தாளை வைத்துச் சுரண்டவே கூடாது, போன உலோகம் திரும்பாது. கேம்லாக் (கேமைத் திருப்பிச் சக்கைப் பூட்டும் வகை) என்றால் பின் துளைகளையும் துடைத்துவிட்டு, இறுக்கும்போது ஒவ்வொரு கேமின் கோடும் இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சக்குக்குப் பின்னால் வரும் தட்டான பேக் பிளேட்டை மட்டும் மாட்டி முகத்தையும் விளிம்பையும் அளந்து, ஆட்டம் இருந்தால் அதே ஸ்பிண்டிலில் வைத்தே லேசாகச் சீவிவிடுங்கள்.

இனி சக். நேரான கிரவுண்ட் கம்பியைப் பிடித்து ஜாவுக்குப் பக்கத்தில் ஒரு அளவு, 100 மி.மீ. தள்ளி ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் மையம் விலகல், தள்ளிப் போகப் போகக் கூடினால் சக் சாய்ந்திருக்கிறது அல்லது ஜாவின் வாய் தேய்ந்திருக்கிறது. 20 மி.மீ. கம்பியில் ஒரு மாதிரி, 50 மி.மீ. கம்பியில் வேறு மாதிரி என்றால் ஜாக்களை நகர்த்தும் சுருள் தகடான ஸ்க்ரோல் மேல் சந்தேகப்படுங்கள்.

மையம் விலகல்தான் என்றால், பேக் பிளேட்டில் சக் உட்காரும் நடு விளிம்பை 0.1 முதல் 0.2 மி.மீ. வரை விட்டம் குறைத்து, போல்ட்டை லேசாக இறுக்கி, செம்புச் சுத்தியலால் சக்கைத் தட்டித் தட்டி டயலைச் சரிசெய்து, கடைசியில் போல்ட்டைச் சிறிது சிறிதாக முழுக்க இறுக்குங்கள். அப்புறம் சக்கை நிறுத்தி வைப்பது போல்ட்டின் பிடிப்பு மட்டும்தான், சாவிவாய் (கீ உட்காரும் பள்ளம்) வெட்டிய ஷாஃப்டில் ஆழமாக வெட்டினால் மறுபடி நகரும்.

தேய்ந்த ஜாவை டூல் போஸ்ட் கிரைண்டரால் (டூல் பிடிக்கும் இடத்தில் மாட்டும் தீட்டும் கருவியால்) தீட்டலாம். ஆனால் ஒரு வளையத்தைப் பிடிக்க வைத்து ஜாக்கள் வேலை செய்யும் திசையிலேயே இறுகியிருக்க வேண்டும், சும்மா தீட்டினால் கோணலைத்தான் தீட்டுவீர்கள். கல் தூள் பெட்டில் விழாமல் மூடிக்கொள்ளுங்கள். முடித்ததும் ஜாக்களைக் கழற்றி, சக்கின் உள்ளேயும் கழுவி, 1, 2, 3 என்ற எண் வரிசையிலேயே திரும்பப் போடுங்கள்.