கல்லடிக் கடற்கரையில் எம்87 தேடும் விதம்

மட்டக்களப்பு வாவியின் பாடும்மீன் கேட்கப் பௌர்ணமி, எம்87 என்ற அண்டத்தை (பெருந்தொகை விண்மீன்கள் கூடிய மண்டலம்) பார்க்க அமாவாசைதான். மே நடுவில் இரவு 9 மணிக்கு எம்87 உச்சிக்கு வந்துவிடும். அப்போது தொலைநோக்கியைத் திருப்புவது பெரிய கரைச்சல், அதனால் நான் 8 மணிக்கே பாயை விரித்துவிடுவேன்.

சிம்ம ராசியின் வால் முனையிலுள்ள உத்தர நட்சத்திரத்திலிருந்து கன்னி ராசியின் விண்டெமியாட்ரிக்ஸ் என்ற நட்சத்திரத்துக்கு மனதில் ஒரு கோடு போடுங்கள். பாதியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி ஒரு வட்டப் புகை. நேரே முறைத்தால் மறையும்; ஓரக்கண்ணால் பாருங்கள். 4 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி போதும்.

சரி, அதன் நடுவில் 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை. 2019இல் படம் வெளியானது அதற்குத்தான். வானொலி அலையை உரக்க உமிழும் இத்தகைய மையங்கள் அண்டங்கள் நெருங்கிக் கூடிய இடங்களில் அதிகம் குடியிருக்கும். எம்87ஐச் சுற்றி ஆயிரத்துக்கு மேல் அண்டங்கள்! கருவியை மெல்ல மேற்கே நகர்த்துங்கள், எம்84, எம்86 என்ற இரண்டு அண்டங்களும் சோடியாக வரும்.