கோயில் படங்களைக் கட்டளை வரியில் நகலெடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் அறையிலுள்ள மேசைக்கணினியில் பல ஆண்டுத் தீமிதித் திருவிழாப் படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. பென்டிரைவை எடுத்துக்கொண்டு அலைவதைவிட, ஒரே வைஃபையில் இணைந்திருக்கும் இரு கணினிகளுக்கிடையே கட்டளை வழியாக நகலெடுப்பது எளிது. மேசைக்கணினி, மடிக்கணினி இரண்டிலும் உபுண்டு இயங்குதளம் இருப்பதாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன். கட்டளைகளை ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். தட்டும்போது, பெரிய எழுத்து என்று நான் குறிப்பிடும் இடங்களைத் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

முதலில் மேசைக்கணினியின் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், இவ்விரண்டையும் இயக்குங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர்
ஹோஸ்ட்நேம் -ஐ

முதலாவது, பிற கணினிகள் பாதுகாப்பாக உள்நுழைவதற்கான சேவையை நிறுவும். இரண்டாவதில் ஐ பெரிய எழுத்து. அது காட்டும் முகவரி 192.168.1.20 என்றும், அக்கணினியின் பயனர் பெயர் ஆலயம் என்றும் கொள்வோம். இனி எல்லா வேலையும் மடிக்கணினியில்தான்.

ஒரே ஒரு படம் வேண்டுமென்றால் எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளை போதும்:

எஸ்சிபி ஆலயம்@192.168.1.20:படங்கள்/கொடியேற்றம்.ஜேபிஜி .

முக்காற்புள்ளிக்கு முன்னுள்ளது எந்தக் கணினி என்பதையும், பின்னுள்ளது அதில் எந்தக் கோப்பு என்பதையும் சொல்கிறது. இடைவெளி விட்டு இறுதியில் நிற்கும் ஒற்றைப் புள்ளிக்கு ‘நான் இப்போது இருக்கும் கோப்புறை’ என்று பொருள். அதை விட்டுவிட்டால் கட்டளை இயங்காது. கோப்பின் பெயர் தமிழிலேயே இருந்தாலும் உபுண்டு குழம்பாது.

முதன்முறை இணையும்போது, இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும்; ‘ஆம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லான யெஸ் என்பதை முழுச் சொல்லாகத் தட்டுங்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறிகூடத் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று எண்ணி என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறையில் கடவுச்சொல் வலையில் அப்பட்டமாகப் பயணித்தது. பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்ட பின்லாந்துக்காரர் டாட்டு யூலோனென் 1995இல் உருவாக்கிய, கடவுச்சொல்லை மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் முறையின் மேல்தான் எஸ்சிபி இயங்குகிறது.

கோப்புறை முழுவதற்கும் எஸ்சிபியோடு -ஆர் சேர்க்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாதிக்கு மேல் வந்த நேரத்தில் பிற்பகல் இடிமழை பிடித்து மின்சாரம் போனது. மீண்டும் இயக்கியபோது எஸ்சிபி முதல் படத்திலிருந்தே எடுக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து கோப்புறை என்றாலே நான் ஆர்சிங்க்கைத்தான் நாடுகிறேன். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட இக்கருவி, அளவும் திருத்திய நேரமும் ஒத்திருக்கும் கோப்புகளைத் தாண்டிச் சென்று மீதியை மட்டும் எடுக்கும்:

ஆர்சிங்க் -ஏவிபி ஆலயம்@192.168.1.20:படங்கள்/ படங்கள்/

இங்கே பி என்பது பென்டிரைவ் என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்து; அதைப் பெரிய எழுத்தாகத் தட்டுங்கள். ஏ, உட்கோப்புறைகளையும் கோப்புகளின் தேதியையும் காக்கும். வி, நடப்பதைச் சொல்லும். பி, பாதியில் நின்ற கோப்பை அழிக்காமல் வைத்திருந்து, எவ்வளவு முடிந்தது என்பதையும் காட்டும்.

முதலில் வரும் படங்கள் என்பதன் கடைசியிலுள்ள சாய்கோட்டைக் கவனியுங்கள். அது இருந்தால் கோப்புறைக்குள் இருப்பவை மட்டும் வரும். இல்லாவிட்டால் கோப்புறையே வந்து, படங்களுக்குள் இன்னொரு படங்கள் உட்கார்ந்துவிடும். ஐயமிருந்தால் -என் சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதையும் நகலெடுக்காமல், எவை வரும் என்று பட்டியலிடும். டெலீட் என்ற தேர்வைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். மூலத்தில் இல்லாத கோப்புகளை அது உங்கள் பக்கத்தில் அழித்துவிடும்.

முடிந்ததும் அதே கட்டளையில் -ஏவிபிக்குப் பதிலாக -ஏவிஎன்சி என்று தட்டுங்கள். சி, இரு பக்கத்துக் கோப்புகளின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடுவதால் சற்று நேரமெடுக்கும். படம் எதன் பெயரும் பட்டியலில் வராவிட்டால் எல்லாம் சரியாக வந்துவிட்டது. மேசைக்கணினியை அணைத்துவிட்டு, கோயில் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.