நடுக்கடலில் இருமி நின்ற இன்ஜின்

மயாமி பக்கத்துக் கீ பிஸ்கேனிலிருந்து பகாமாஸின் பிமினித் தீவுக்குச் சுமார் 45 கடல் மைல்தான். நானும் மனைவியும் எங்கள் 30 அடி பாய்மரப் படகில் இரவு 10 மணிக்குக் கிளம்பினோம், பிமினியை வெளிச்சத்தில் நெருங்கலாம் என்ற கணக்கு. வடக்குக் காற்று அடித்தால் மட்டும் கிளம்பவே கூடாது, வடக்கே ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்துக்கு எதிரே அடித்து அலையைச் சுவர் மாதிரி எழுப்பிவிடும். அன்று லேசான தென்கிழக்குக் காற்று.

2 மணிக்கு இன்ஜின் இருமி இருமி நின்றது. "பதறாதீங்க, பாய் இருக்குல்ல" என்று சுக்கானை அவள் வாங்கிக்கொண்டாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டீசல் ஃபில்டரைக் கழற்றினால், அடியில் கெட்டிப் புளிக்கரைசல் மாதிரி கறுப்புச் சகதி. டேங்கின் அடியில் வருஷக்கணக்காகத் தங்கிய அழுக்கை அலை கலக்கிவிட்டிருக்கிறது. புது ஃபில்டர் போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை, குழாயில் காற்று. காற்றை வெளியேற்றும் பிளீடு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி அடங்கி வெறும் டீசல் வந்ததும் இறுக்கினேன், அப்புறம்தான் உயிர் வந்தது. அந்த 40 நிமிடத்தில் நீரோட்டம் எங்களை 2 மைல் வடக்கே தள்ளியிருந்தது, சரி, படகின் மூக்கை இன்னும் தெற்கே திருப்பி ஈடுகட்டினோம்.

ஊர் திரும்பியதும் டேங்கைக் காலி செய்து கழுவினேன். இப்போது படகில் எப்போதும் 3 ஃபில்டர் இருக்கும்.