ஆற்றில் அயல் மட்டிகளை ஆண்டுதோறும் எண்ணுவது எப்படி

வரிக்குதிரை மட்டி, குவாக்கா மட்டி, தங்க மட்டி ஆகிய மூன்றும் பிடிநூலால் கல்லோடு ஒட்டி வாழ்பவை. மூன்றின் குஞ்சுகளும் முதலில் கண்ணுக்குத் தெரியாத லார்வாக்களாக நீரோடு மிதந்து போகும். அதனால் ஒரே கணக்கெடுப்பு முறை மூன்றுக்கும் பொருந்தும். கடினம் முறையில் இல்லை. அதே முறையை அதே மாதத்தில் இருபது ஆண்டு விடாமல் செய்வதில்தான் இருக்கிறது.

அத்தனை ஆண்டு எதற்கு என்பதற்கு அமெரிக்காவின் ஹட்சன் ஆறு நல்ல சான்று. அங்கே 1991இல் வரிக்குதிரை மட்டி முதன்முதலில் தென்பட்டது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஆறு முழுக்கப் பெருகி, மிதக்கும் பாசியில் 80 விழுக்காட்டுக்கு மேல் தின்று தீர்த்தது. பிந்தைய ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் நீடித்தது. ஆனால் வளர்ந்த மட்டிகள் பிழைப்பது வெகுவாகக் குறைந்து, பெரியவை அரிதாகிவிட்டன. நீல நண்டுகள் தின்பதும் இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. உடல் சிறுத்ததால் மட்டிக் கூட்டம் வடிகட்டும் நீரின் அளவும் சரிந்தது. முதல் ஐந்து ஆண்டோடு நிறுத்தியிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. எண்ணிக்கையை மட்டும் எழுதி, நீளத்தை அளக்காமல் விட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

படுகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வேலை படுகை வரைபடம். பாறை, கல், கான்கிரீட் போன்ற கடினத் தளம் எத்தனை விழுக்காடு, மணலும் சேறும் எத்தனை விழுக்காடு என்று தெரியாமல் மாதிரி எடுக்கத் தொடங்காதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். கடினத் தளம் 7%, அங்கே சதுர மீட்டருக்கு 3,000 மட்டி. மென்தளம் 93%, அங்கே 40 மட்டி என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவுக்கு ஏற்ப எடை கொடுத்தால் ஆற்றின் சராசரி 210 + 37 = 247. இரண்டு எண்ணையும் வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்தால் 1,520 வரும். ஆறு மடங்கு பிழை! களத்தில் எவ்வளவு கவனமாக உழைத்திருந்தாலும் இந்த ஒரு வகுத்தலில் எல்லாம் வீணாகும்.

ஒவ்வொரு தளவகையிலும் இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். படகு கட்ட வசதியான இடம், மட்டி நிறைய இருக்கும் இடம் என்று தேர்ந்தால் பின்னால் ஒரு சிக்கல் வரும். உச்சத்தில் இருக்கும் இடத்தை மட்டும் தொடர்ந்து பார்த்தால், ஆறு முழுவதும் மாறாமல் இருந்தாலும் அந்த இடத்தில் எண்ணிக்கை வீழ்வதாகவே தோன்றும். தேர்ந்த பிறகு அந்த இடங்களையே ஆண்டுதோறும் வைத்துக்கொள்ளலாம்.

மட்டிகள் கொத்துக்கொத்தாக இருப்பதால் ஒரு கல்லில் 800, பக்கத்துக் கல்லில் ஒன்றுகூட இல்லை என்பது வழக்கம். சராசரி 500, திட்ட விலக்கம் (மாதிரிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 1,000 என்றால், 10 மாதிரிகளில் திட்டப் பிழை (சராசரியில் உள்ள ஐயத்தின் அளவு) 316. இந்த நிலையில் மட்டிகள் பாதியாகக் குறைந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திட்டப் பிழையை 100க்குக் கொண்டுவர 100 மாதிரிகள் வேண்டும். கையில் உள்ள நேரத்தை ஓர் இடத்தில் கூடுதல் கற்களுக்குச் செலவிடுவதைவிடக் கூடுதல் இடங்களுக்குச் செலவிடுவதே மேல்.

வளர்ந்த மட்டிகள்

ஆண்டுக்கு இரண்டு முறை எடுங்கள்: இனப்பெருக்கம் சூடுபிடிக்கும் முன்பு ஒன்று, புதுக் குஞ்சுகள் ஒட்டி முடிந்த பிறகு ஒன்று. முதலாவது, சென்ற ஆண்டு மட்டிகளில் எத்தனை பிழைத்தன என்று சொல்லும். இரண்டாவது, புதுவரவைச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரக் காலத்தை முன்கூட்டியே குறித்து, அதிலிருந்து நகராதீர்கள். ஒரு மாதம் தள்ளிப்போனால் நீங்கள் அளப்பது ஆண்டு மாற்றத்தை அல்ல, பருவ மாற்றத்தை.

கடினத் தளத்தில், இடத்துக்கு 10 கல், ஒவ்வொன்றும் 15 முதல் 40 செ.மீ. வரை. முக்குளிப்பவரின் கை தன்னையறியாமல் மட்டி அடர்ந்த கல்லுக்கே போகும். அதைத் தடுக்க, அளவு நாடாவை விரித்து, ஒவ்வொரு மீட்டர் குறியிலும் முதலில் கை படும் கல்லை எடுக்க வேண்டும், மட்டி இல்லாவிட்டாலும் சரி. கல்லை நீருக்கடியிலேயே நெருக்கமான வலைப்பையில் போட்டு மேலே கொண்டுவாருங்கள். திறந்த கையில் கொண்டுவந்தால் பாதி உதிர்ந்துவிடும். கல்லைத் தாளில் வைத்து விளிம்பைச் சுற்றி வரைந்து, அந்த வடிவத்தின் பரப்பை அளந்தால் போதும். ஆனால் மேலிருந்து பார்க்கும் பரப்பா, கல்லின் முழு மேற்பரப்பா என்பதை முதல் ஆண்டே முடிவுசெய்து எழுதிவையுங்கள். இரண்டையும் கலந்தால் பல மடங்கு வேறுபாடு வரும்.

மென்தளத்துக்கு ஏற்றது ‘போனார்’ (Ponar) அள்ளி, அதாவது இரு தாடைகள் மூடி அடிமண்ணை அள்ளும் கருவி. பெரிய அளவுள்ளது 23 × 23 செ.மீ. தளத்தை, அதாவது 0.053 சதுர மீட்டரை அள்ளும். இடத்துக்கு 5 முறை. தாடையில் கல்லோ ஓடோ சிக்கி முழுதாக மூடாமல் வந்தால் அந்த அள்ளல் செல்லாது. கொட்டிவிட்டு மீண்டும் எடுங்கள். நன்றாக மூடி வந்து ஒரு மட்டியும் இல்லையென்றால் அது செல்லும், அந்தச் சுழியமும் தரவுதான். பல நீண்டகாலப் பதிவேடுகள் கெடுவது இங்கேதான்: "ஒன்றுமில்லை" என்று எழுதாமல் விட்ட வரி, பத்து ஆண்டு கழித்து "போகவில்லை" என்று படிக்கப்படும்.

எல்லாவற்றையும் 500 மைக்ரான் சல்லடையில் அலசி, 2 மி.மீ.க்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். அதற்குக் கீழே எண்ணுபவரின் பார்வைக்கும் பொறுமைக்கும் ஏற்ப எண்ணிக்கை மாறும். ஓர் இடத்துக்குக் குறைந்தது 200 மட்டிகளின் நீளத்தைக் காலிபரால் அளந்து, 1 மி.மீ. இடைவெளியில் வரைபடம் போடுங்கள். மேலே கிடப்பவற்றைக் கையால் அள்ளி அளந்தால் பெரியவையே வரும். தட்டில் பரப்பி, நான்காகப் பிரித்து, ஒரு கால்பகுதியை முழுதாக அளப்பதே சரி. இரண்டு ஓடும் கீலில் சேர்ந்திருந்து உள்ளே சதை இல்லாதவற்றைத் தனியாகக் குறியுங்கள். வெள்ளத்தில் அவை அடித்துப்போகும் என்பதால், அந்த எண்ணிலிருந்து நேரடியாக இறப்பு விகிதம் போடக் கூடாது.

வரிக்குதிரையா குவாக்காவா என்ற ஐயம் வந்தால் மட்டியை அதன் அடிப்பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வரிக்குதிரைக்கு அடிப்பக்கம் தட்டை, நிற்கும். குவாக்காவுக்கு உருண்டை, சாயும். வரிகளை நம்பாதீர்கள், இரண்டிலும் வரியுள்ளதும் வரியற்றதும் உண்டு.

லார்வாக்கள்

நீர் வெப்பம் 12 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வரிக்குதிரை மட்டி முட்டையிடத் தொடங்கும். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். ஓடும் நீரில் வலையைச் செங்குத்தாக இழுப்பது நடக்காது, சாய்ந்துவிடும்; எத்தனை லிட்டர் வடிந்தது என்றே தெரியாது. பம்பு மூலம் 100 லிட்டரை அளந்து, 64 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். கலங்கல் நீரில் வலைக் கண்கள் அடைத்துக்கொண்டு நீர் விளிம்பில் வழியும். வழிந்தால் அந்த மாதிரியை விட்டுவிட்டு 50 லிட்டரில் மீண்டும் எடுங்கள், அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

எஞ்சிய 30 மி.லி. நீரை 70% எத்தனாலில் காக்க, 95% எத்தனால் 84 மி.லி. சேர்க்க வேண்டும். குத்துமதிப்பாக ஊற்றினால் மாதிரி அழுகும். 100 மி.லி.க்கு 0.2 கிராம் சமையல் சோடா சேருங்கள், அமிலம் ஏறினால் லார்வாவின் ஓடு கரைந்துவிடும். ஓடு கரைந்தால் குறுக்குத் துருவ ஒளியில் (நுண்ணோக்கியில் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு துருவ வடிகட்டிகளின் வழியே வரும் ஒளியில்) தெரியாது, நீங்களும் "இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். அந்த ஒளியில் லார்வா இருட்டில் சிலுவைக் குறியோடு மின்னும். ஆஸ்ட்ரகாட் என்னும் சிறு ஓட்டுயிரியும் மின்னும். அது அவரை விதை வடிவில், பெரும்பாலும் பெரிதாக, கால்களோடு இருக்கும்.

ஆற்றில் எண்ணப்படும் லார்வா அங்கேயே பிறந்ததல்ல என்பதை மறக்கக் கூடாது. பல நாள் மிதந்து மேலிருந்து வந்தவை அவை. மேலே ஏரியோ அணையோ இருந்தால், உங்கள் இடத்து மட்டிகள் முழுக்க அழிந்தாலும் அடுத்த ஆண்டு புதுவரவு குறையாமல் இருக்கக்கூடும். ஆகவே லார்வா வரும் அந்த ஏரிக்கோ அணைக்கோ உடனடியாகக் கீழே ஒரு நிலையத்தைக் கட்டாயம் வையுங்கள்.

ஒட்டும் குஞ்சுகளுக்கு, உப்புத்தாளால் தேய்த்த 15 × 15 செ.மீ. பி.வி.சி. தகடுகள் நான்கை 2 செ.மீ. இடைவெளியில் கோத்து, நிழலில், அடித்தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கவிடுங்கள். செம்பும் துத்தநாகப் பூச்சும் மட்டியை விரட்டும், எனவே கொக்கி, கம்பி எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். எண்ணும்போது ஓரத்து 1 செ.மீ.ஐ விட்டுவிடுங்கள். ஒரு தொகுதியை மாதாமாதம் மாற்றவும், இன்னொன்றைப் பருவம் முடியும் வரை விட்டுவைக்கவும் வேண்டும்.

கருவி மாறும் நாள்

இருபது ஆண்டில் சல்லடை பழுதாகும், ஆள் மாறுவார். புதியதைக் கொண்டுவந்தால், குறைந்தது இரண்டு பருவம் பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் ஓட்டுங்கள். மாற்றக் காரணியை (பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடப் பெருக்க வேண்டிய எண்ணை) கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். எண்ணுபவர் மாறினாலும் இதே விதிதான்: 20 மாதிரிகளை இருவரும் தனித்தனியே எண்ண வேண்டும்.

உயிருள்ள மட்டியை வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ பல நாடுகளில் அனுமதி தேவை. முதல் களப்பணிக்கு முன்பே வாங்குங்கள். மட்டி இல்லாத இடங்களை முதலிலும் மிகுந்த இடங்களைக் கடைசியிலும் பாருங்கள். படகு, அள்ளி, உடை எல்லாவற்றிலும் 60 டிகிரி வெந்நீர் குறைந்தது 10 வினாடி படவேண்டும். லார்வா வலையை 5% வினிகரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். வலைக் கண்களில் சிக்கிய ஓடுகள் கரைந்து, அடுத்த இடத்தில் பொய்யான "உண்டு" வராது. பிறகு சுத்த நீரில் நன்றாக அலசுங்கள். வலையில் வினிகர் மிச்சமிருந்தால் அடுத்த மாதிரியின் லார்வாக்களும் கரைந்துவிடும்.