பழைய ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்: 'ம்ம்ம்' இரைச்சலை நிறுத்திய கதை

சான் ஹோசேயில் ஒரு கராஜ் சேலில் 1970களின் ஃபெண்டர் சாம்ப் ஒன்று கிடைத்தது. சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அது. வெள்ளி முகப்பு, 8 அங்குல ஸ்பீக்கர், உள்ளே மூன்றே வால்வு (கண்ணாடிக் குழாய்): கிட்டார் சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6, ஏசியை டிசியாக்க 5ஒய்3. ஐந்தாறு வாட்தான். ஆன் செய்தால் கிட்டார் சத்தத்தை அமுக்கிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். வால்வு ஆம்ப்பில் கைவைத்துப் பழக இதைவிட எளிய பெட்டி கிடையாது என்பேன். சாலிடரிங்கும் மல்டிமீட்டரும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த ஆம்ப்பின் ஏஏ764 சர்க்யூட் படத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயிர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 350 வோல்ட் தங்கியிருக்கலாம். வால்வுகள் நன்றாக இருந்தால் அணைத்த கொஞ்ச நேரத்தில் அவையே அதை இறக்கிவிடும். வால்வு செத்துப்போயிருந்தால் இறங்காமல் இருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் கிளிப் மாட்டி, ஒன்றைச் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில்), மற்றதைக் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் பத்து விநாடி வையுங்கள். அப்புறம் மீட்டரால் அளந்து பாருங்கள். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்ல பழக்கம்.

அடுத்து பவர் கார்டு. என்னுடையதில் இரண்டு பின் கார்டுதான். அதோடு மெயின் ஒயரிலிருந்து சேசிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் கைவைத்தவர் கதி அவ்வளவுதான். அதை வெட்டி எறியுங்கள், வேறு போட வேண்டாம். அமெரிக்க மூன்று பின் கார்டில் கறுப்பு (லைன்) ஒயர் நேராக ஃபியூசுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு. வெள்ளை (நியூட்ரல்) ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்கு. பச்சை (எர்த்) சேசிஸில் தனி போல்ட்டில்.

இனி என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த இடம். சாம்ப்பில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஒரே அலுமினிய டப்பாவுக்குள் இருக்கும். இரைச்சலை நிறுத்த அந்த டப்பாவையே மாற்றினேன். அடியில் ஒவ்வொரு காலின் பக்கத்திலும் அரைவட்டம், முக்கோணம், சதுரம் என்று குறி வெட்டியிருக்கும். எந்தக் குறிக்கு எத்தனை மைக்ரோஃபாரட் என்பது டப்பாவின் பக்கவாட்டில் இருக்கும். புதியதிலும் அதே வரிசை இருக்கும் என்று நம்பாதீர்கள், படித்துப் பார்த்து இணையுங்கள். பெரிதாகப் போட்டால் இரைச்சல் இன்னும் குறையும் என்று ஆசைப்படவும் வேண்டாம், 5ஒய்3 தாங்காது.

இதெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன். டப்பாவின் உடம்புதான் நெகட்டிவ். அதன் காதுகளைச் சேசிஸோடு சேர்த்து சாலிடர் செய்ய வேண்டும். என்னிடம் இருந்தது 30 வாட் அயர்ன். சேசிஸ் அத்தனை சூட்டையும் உறிஞ்சிக்கொண்டது. ஈயம் தாமரை இலைத் தண்ணீராக மேலே உருண்டையாக உட்கார்ந்தது, ஒட்டவில்லை. பார்க்க ஒட்டினது போலத்தான் இருந்தது. ஆன் செய்தால் பழைய இரைச்சல் அப்படியே. வால்வை மாற்றினேன், ஜாக்கை மாற்றினேன், வீட்டு ஒயரிங்கைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஆன் செய்த நிலையில் ஒரு மர சாப்ஸ்டிக்கால் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் காதைத் தொட்டதும் இரைச்சல் சட்டென்று நின்றது. குச்சியை எடுத்ததும் திரும்பி வந்தது.

100 வாட் அயர்ன், அகலமான தட்டை முனை, 60/40 ஈயம். சேசிஸைத் தேய்த்து, ஃப்ளக்ஸ் பூசி, அரை நிமிடம் சூடாக்கினால் ஈயம் தண்ணீராகப் பரவும். ஈயம் கலக்காத சாலிடரை இந்த வேலைக்கு நான் தொடவே மாட்டேன்.

பழுது பார்த்ததும் நேராகச் சுவரில் செருகாதீர்கள். ஒரு 40 வாட் இழை பல்பைத் தொடரில் இணைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்பு உதவாது. அமெரிக்காவில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சாதாரண குண்டு பல்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. சமையல் ஓவனுக்குள் போடும் இழை பல்பை வாங்கிக்கொள்ளுங்கள். வால்வு எதுவும் இல்லாமல் பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். மங்கலாக இருந்தால் வால்வுகளைச் செருகலாம். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பல்பை எடுத்துவிட்டு, 6வி6இன் 8ஆம் காலில் உள்ள 470 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்தேன்: 19 வோல்ட், அதாவது சுமார் 40 மில்லி ஆம்பியர். 3ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் நடுவே 320 வோல்ட். பெருக்கினால் 13 வாட்டை ஒட்டி வருகிறது. 6வி6க்கு 14 வரை பரவாயில்லை. 5ஆம் காலில் டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் கடத்தும் பழைய கப்ளிங் கெப்பாசிட்டர்களை மாற்றாமல் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் புதிதாக மாற்றும் மோகம் எனக்கு இல்லை.

மாற்றம் என்று நான் செய்தது ஒன்றுதான்: நெகட்டிவ் ஃபீட்பேக்கை (வெளியே போகும் சிக்னலில் கொஞ்சத்தை எதிராகத் திருப்பி அனுப்புவதை) கொண்டுவரும் 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றி ஒரு சுவிட்சோடு இணைத்தேன். துண்டித்தால் சத்தம் கூடும், சீக்கிரமே கரகரப்பும் வரும். ப்ளூஸ் வாசிக்க அருமை.

பின்சேர்க்கை 1: அமெரிக்காவிலிருந்து இதே ஆம்ப்பைக் கோவைக்குக் கொண்டுபோன ஒருவர், தொட்டால் சுருக்கென்கிறது என்று எழுதினார். 230-110 ஸ்டெப் டவுன் வைத்திருக்கிறார். ஆனால் அதன் பிளக்கில் இரண்டு பின்தான். எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. மூன்று பின்னும் எர்த் தொடர்ச்சியும் உள்ளதாக வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரைப் புதிதாக மாற்றியதும் ஆம்ப் ஊளையிடுகிறது என்று இன்னொருவர். ஃபீட்பேக் தலைகீழாகிவிட்டது. மின்சாரத்தை இறக்கிவிட்டு, வால்வுப் பக்கம் வரும் சிவப்பு, நீல ஒயர்களை இடம் மாற்றுங்கள். அவருக்கு அதிலேயே சரியாகிவிட்டது.